ஒரே குரல், இரண்டு முறை

சிங்கப்பூரின் இண்டி பாப் குழுவான சாப்ஸ், 2018-இல் 'டெல்டேல் சைன்ஸ்' தொகுப்பையும் 2022-இல் 'ஏர் கிட்டார்' தொகுப்பையும் வெளியிட்டது. குழுவில் இருப்பவர்கள் சிலரே. பாட்டைக் கேட்டால் அப்படித் தோன்றாது. இவ்வகை இசையில் சிலரைப் பலராக்கும் நுட்பங்களில் முதன்மையானது, ஒன்றையே இருமுறை பாடிப் பதிவது. ஆங்கிலத்தில் இதை டபுள் டிராக்கிங் என்பார்கள்.

பதிவான குரலைக் கணினியில் நகலெடுத்து அதன்மேலேயே வைத்தால் சத்தம் கூடும், வேறொன்றும் நடக்காது. பாடகி அதே வரியை மறுபடி பாட வேண்டும். எவ்வளவு தேர்ந்தவரானாலும் இரண்டாம் முறை சில மில்லிவினாடி முந்துவார் அல்லது பிந்துவார். சுருதியும் இம்மி விலகும். 440 ஹெர்ட்ஸ் ஒலியோடு 442 ஹெர்ட்ஸ் ஒலி சேர்ந்தால், வினாடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். குரலில் இந்த விலகல் நிலையாக இராமல் கணத்துக்குக் கணம் மாறுவதால், அந்த ஏற்ற இறக்கம் மெல்லிய மினுக்கமாகிவிடுகிறது. சுமார் 30 மில்லிவினாடிக்குள் வரும் இரண்டு ஒலிகளைக் காது பொதுவாக ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும். இடைவெளி மிகவும் கூடினால் எதிரொலி கேட்கும்.

சிராங்கூன் சாலைக் கோயில்களில் இரட்டை நாதஸ்வரம் கேட்டவர்களுக்கு இந்தச் செழுமை புதிதல்ல. அங்கே கலைஞர்கள் இருவர்; இங்கே ஒருவரே இருவராகிறார்.

கிட்டாருக்கும் இதே கதைதான். ஒரே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் அனுப்பினால் இசை அகன்று விரியும். நகலை அனுப்பினால் ஒலி தலைக்கு நடுவிலேயே நிற்கும். எம்ஆர்டியில் போகும்போது காதணிக் கருவியில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிப் பாருங்கள். சில பாடல்களில் ஒரு கிட்டாரே காணாமல் போகும்.

ஒருவரே பலராவது பழைய வித்தைதான். லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர் 1948-இல் 'லவர்' பாடலின் எல்லாக் கிட்டார் பகுதிகளையும் தானே வாசித்து, இசைத்தட்டின்மேல் இசைத்தட்டாகப் பதிந்தார். இடையில் பிசகினால் திரும்பவும் வாசிக்க வேண்டும். 1966-இல் லண்டன் அபே ரோடு கூடத்தில் கென் டவுன்சென்ட், இரண்டாவது நாடா இயந்திரத்தின் வேகத்தைச் சற்றே அசைத்து, பாடகர் மறுபடி பாடாமலே இரட்டைக் குரலைச் சாதித்தார். பீட்டில்ஸ் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். இருந்தாலும் உண்மையாகவே இருமுறை பாடியதில் இருக்கும் உயிர் அதில் குறைவு என்றே நான் கருதுகிறேன்.

இன்று மடிக்கணினி போதும். வீவக வீட்டு அறையிலேயே குரலை அடுக்கடுக்காகப் பதியலாம். டிரம்ஸ் மட்டும் அங்கே முடியாது; சுவருக்கு அப்பால் அண்டைவீட்டார் இருக்கிறார்கள். அதற்குத் தொழிற்பேட்டைக் கட்டடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கூடங்கள் உண்டு.

சிக்கல் மேடையில்தான். எஸ்பிளனேடில் 2002 முதல் நடந்துவரும் பேபீட்ஸ் போன்ற விழாக்களில் ஒருவர் தன்னோடு தானே சேர்ந்து பாட முடியாது. சில குழுக்கள் மடிக்கணினியிலிருந்து பின்னணிக் குரலை ஒலிக்கவிடும். சில குழுக்கள் கூடுதலாக ஒரு கிட்டார் கலைஞரை அழைத்துக்கொள்ளும். பாட்டை மெலிந்த வடிவிலேயே பாடுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தவர்கள் இவர்கள்தாம். தொகுப்பில் அடுக்குகளுக்குள் மறைந்திருந்த மெட்டு அப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது.