கிராக் மென்பொருளும் காலியாகும் கணக்கும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் செனாய் வீடுகளில் ஒரு மடிக்கணினியை வீடே பங்கு போட்டுக்கொள்கிறது. பிள்ளை அதில் பள்ளிப் பாடம் செய்யும். அம்மா பலகார வியாபாரத்தின் கணக்கை எழுதுவார். ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பா, இரு நாட்டு வங்கிக் கணக்குகளையும் அதிலேயே பார்ப்பார். பிள்ளை இறக்கிய ஓர் இலவச விளையாட்டு அப்பாவின் சேமிப்பில் கைவைப்பது இதனால்தான்.

எப்படி நுழைகிறது?

காசு கொடுத்து வாங்கவேண்டிய மென்பொருளுக்கு, அதன் உரிமப் பூட்டை உடைக்கும் 'கிராக்' தேடுகிறோம். "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று அந்தப் பக்கமே சொல்லும். சொன்னபடி செய்கிறோம். மென்பொருள் வேலை செய்கிறது. கூடவே வந்த தீநிரலும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

இன்னொரு வழி புதிது. நீங்கள் ரோபோ இல்லையென்று நிரூபிக்கச் சொல்லும் ஒரு போலிப் பக்கம் வரும். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, பிறகு கண்ட்ரோல்-வி, எண்டர் தட்டச் சொல்லும். நீங்கள் ஒட்டுவது தீநிரலை இறக்கும் கட்டளை. உண்மையான எந்தச் சோதனையும் இப்படிக் கேட்காது.

எது திருடு போகிறது?

'லும்மா' என்ற தகவல் திருடியின் இணையக் கட்டமைப்பை 2025 மே மாதம் மைக்ரோசாப்ட்டும் பல நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் உலகெங்கும் 394,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாப்ட் கண்டறிந்தது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், அட்டை எண்கள், உள்நுழைந்த அடையாளமான குக்கிகள் எல்லாவற்றையும் இத்தகைய நிரல்கள் அள்ளிச் செல்லும். குக்கி கிடைத்தால், பல கணக்குகளில் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே நுழைந்துவிடலாம்.

செலவில்லாத தற்காப்பு

விண்டோஸ் செக்யூரிட்டி கணினியோடு இலவசமாகவே வருகிறது. அதை எதற்காகவும் அணைக்காதீர்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12-இல் 'வானாகிரை' சுமார் 150 நாடுகளின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். கணினி தாங்காவிட்டால் அதில் வங்கி வேலையை நிறுத்துங்கள்.

பிள்ளைக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லை பிரவுசரில் சேமிக்காதீர்கள். படங்களையும் கணக்குகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் பூட்டும் நிரல் அதையும் பூட்டிவிடும்.

மாட்டிக்கொண்டால்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றுவது, திருடனிடமே புதுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

பணம் போயிருந்தால் வங்கியின் 24 மணிநேர எண்ணையோ, மலேசியாவின் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணையோ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்குவதே நோக்கம். சிங்கப்பூர்க் கணக்கென்றால் அந்த வங்கியை அழையுங்கள். ஆலோசனைக்கு அங்கே 1799 எண் இருக்கிறது. தொழில்நுட்ப உதவிக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவை உண்டு: 1-300-88-2999.

திரையைப் படமெடுத்து, காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். அதற்குமுன் கணினியை ஃபார்மட் செய்துவிட்டால் ஆதாரம் அழிந்துபோகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் திறக்கும் என்ற உறுதி இல்லை. யூரோபோல் பங்கேற்கும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது.

சட்டம் எதுவரை?

2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகைச் சுற்றியபோது, அதை எழுதியவர்மீது வழக்கு நடத்தப் பிலிப்பீன்ஸில் சட்டமே இல்லை. மலேசியாவின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் அடுத்த மாதமே, 2000 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்தது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

திருடன் வெளிநாட்டில் இருக்கும்போது புகார் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். வங்கியிடம் இழப்பீடு கேட்க அந்தப் புகார் நகல் வேண்டும். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்-இடம் செல்லலாம். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 16-இல் தொடங்கிய இழப்புப் பொறுப்புப் பகிர்வு ஏற்பாடு போலி இணைப்பு மோசடிகளுக்கு மட்டுமே. தீநிரல் வழித் திருட்டு அதில் அடங்காது. அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது.

கடைக்காரரிடமும் உங்களுக்கு உரிமை உண்டு. கணினி வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் ரசீது கேளுங்கள். விண்டோஸ் அசல் உரிமம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். கள்ள நகலைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு நீங்களே கொண்டுபோகலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட்.