செங்கல் சுவருக்குள், பாக்கி தெருவில்

தஞ்சாவூர்ப் பக்கம் மனையோ வீடோ வாங்க நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்ப்பது வில்லங்கச் சான்றிதழைத்தான். பழைய கிரயம், அடமானம், வங்கியில் பத்திரம் வைத்து வாங்கிய கடன், நீதிமன்ற ஜப்தி என எல்லாம் அதில் தெரியும். அந்த வீட்டுக்குச் செங்கல் இறக்கிய சூளைக்காரருக்கு இன்னும் இரண்டு லட்சம் வர வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு வில்லங்கமே கிடையாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. வேலை செய்தவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் பணம் வராவிட்டால், அந்தக் கட்டடத்தின் மீதும் அது நிற்கும் மண்ணின் மீதுமே பாக்கியைப் பதிவு செய்துவிடலாம். ‘லீன்’ என்கிறார்கள், சட்டத் தமிழில் பற்றுரிமை. 1791-ல் வாஷிங்டன் நகரைப் புதிதாக எழுப்பத் திட்டமிட்டபோது, பணம் வருமோ வராதோ என்று கட்டுநர்கள் தயங்கினார்கள். தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் கலந்துகொண்ட ஆலோசனையில் இந்த யோசனை எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேரிலாந்து சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது.

காவிரி டெல்டாவில் வீடு கட்டுவது பெரும்பாலும் கடனில் ஓடும் வேலை. இங்கே வண்டல் மண் உண்டு, பாறை கிடையாது. செங்கல் உள்ளூர்ச் சூளைகளிலிருந்து வந்துவிடும். ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில் வர வேண்டும். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு தருகிறேன் என்றால் கடைக்காரர் தலையாட்டுவார். லேபர் காண்ட்ராக்டில் கட்டினால் இதில் பெரிய சிக்கல் இல்லை. வீட்டுக்காரரே கடைக்குப் போய்க் கம்பியும் சிமெண்டும் எடுக்கிறார். நோட்டில் அவர் பெயர் இருக்கிறது, ஊரும் தெரியும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி ஒப்பந்தக்காரரிடம் விடும்போதுதான் கதை மாறுகிறது. சரக்கு வீட்டுக்காரரின் மனையில் இறங்குகிறது. கணக்கோ ஒப்பந்தக்காரர் பெயரில் ஏறுகிறது. அவர் பாதியில் கைவிட்டுப் போனால் சூளைக்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். “நான்தான் அவருக்கு முழுசும் கொடுத்துட்டேனே” என்பார் வீட்டுக்காரர். சட்டம் வீட்டுக்காரர் பக்கம். அவருக்கும் சூளைக்காரருக்கும் இடையே ஒப்பந்தமே இல்லை.

பணம் வராத விற்பனையாளரைச் சட்டம் அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அவருக்கும் ஒரு பற்றுரிமை தருகிறது. சரக்கு அவர் கையில் இருக்கும்வரை, பணம் வராமல் கொடுக்க மாட்டேன் என்று பிடித்து வைத்துக்கொள்ளலாம். வாங்குபவர் நொடித்துப்போனது தெரிந்தால், வழியில் இருக்கும் லாரியைக்கூட நிறுத்தித் திருப்பலாம். ஆனால் மனையில் சரக்கை இறக்கிய நிமிடமே அந்தப் பிடி போய்விடுகிறது. செங்கல்லைச் சுவரில் வைத்துப் பூசிவிட்டால் அது சரக்கே அல்ல, அசையாச் சொத்தின் ஒரு பகுதி.

இதே சட்டப் புத்தகங்கள் மற்றவர்களை எப்படி நடத்துகின்றன என்று பார்த்தால் மனம் ஆறாது. மனையை விற்றவருக்குப் பாக்கி இருந்தால், 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு அந்த மனையின் மீதே அவருக்கு உரிமை தருகிறது. தாய்ப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்ட வங்கிக்கு அடமான உரிமை இருக்கிறது. மண்ணை விற்றவருக்கும் பணத்தைக் கொடுத்தவருக்கும் பிடி கிடைக்கிறது. வீட்டையே வீடாக்கிய செங்கல்லையும் கம்பியையும் கொடுத்தவருக்கு எதுவும் இல்லை. இது அநியாயம் என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தேவையில்லை.

அவருக்கு மிஞ்சியிருக்கும் வழிகள் எல்லாம் ஆளைத் துரத்தும் வழிகள். காசோலை வாங்கியிருந்து அது திரும்பிவிட்டால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்குப் போடலாம். சிவில் வழக்கும் போடலாம். வழக்கு முடியும்வரை எதிராளியின் சொத்தை முன்கூட்டியே ஜப்தி செய்யக் கேட்டால், அவர் சொத்தை ஒளிக்கவோ விற்றுவிடவோ பார்க்கிறார் என்று காட்ட வேண்டும். பிணையில்லாக் கடனைப் பிணையுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கொஞ்சம் வலுவானது. 45 நாளுக்கு மேல் பாக்கியை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வழக்கை ஏற்று நடத்தத் தனிக் கவுன்சில்களும் உண்டு. இத்தகைய தொழில்களுக்கான உத்யம் பதிவை முன்கூட்டியே செய்துவைத்திருக்கும் சூளைக்காரர் உற்பத்தியாளர் என்பதால் இந்தக் கதவைத் தட்டலாம். பக்கத்திலேயே இருக்கும் ஹார்டுவேர் கடைக்காரர் தட்ட முடியாது. 2021-ல் வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடனுக்காக மட்டும்.

பிணையில்லாமல் சரக்குக் கொடுத்தவர் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை டெல்டாவுக்குப் பாடமாகக் காட்டியது ஒரு கரும்பு ஆலை. பாபநாசம் அருகே திருமண்டங்குடியில் உள்ள திரு ஆரூரான் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போட்ட விவசாயிகளுக்குப் பாக்கி நின்றது. கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. சொல்லி என்ன பயன்? நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய், ஆலை கால்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாக்கியை வட்டியோடு முழுசாகக் கொடுக்க வேண்டும், தங்கள் பெயரில் வங்கிகளில் எடுக்கப்பட்ட கடனைத் தீர்க்க வேண்டும் என்று 2022 நவம்பர் 30 முதல் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

அடுக்குமாடி கட்டும் நிறுவனம் நொடித்தாலும் சிமெண்ட் கொடுத்தவருக்கு இதே கதிதான். திவால் சட்டத்தின்படி சொத்தை விற்றுப் பிரிக்கும்போது பிணை வைத்திருக்கும் வங்கியும் தொழிலாளர் பாக்கியும் முன்னால். அரசு வரிப் பாக்கிக்கும் பின்னால்தான் சரக்குக் கொடுத்தவர். வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களை 2018-ல் நிதிக் கடன் கொடுத்தவர்களாக மேலே ஏற்றினார்கள். சரக்குக் கொடுத்தவர்கள் இருந்த இடத்திலேயே நிற்கிறார்கள்.

அப்படியானால் அமெரிக்கச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்துவிடலாமா? வீட்டுக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். அங்கே பல மாநிலங்களில், ஒப்பந்தக்காரருக்கு முழுத் தொகையும் கொடுத்து முடித்தவரின் வீட்டின் மீதே சப்ளையர் பற்றுரிமை போடலாம். வீட்டுக்காரர் ஒரே செங்கல்லுக்கு இரண்டாவது முறை பணம் கட்ட நேரிடும். நெல் விற்ற காசையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டிய குடும்பம் அதைத் தாங்காது.

ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழும் ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும் 10 சதவீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைக்க வேண்டும். பாக்கி உள்ளவர் வேலை முடிந்த 60 நாளுக்குள் பற்றுரிமையைப் பதிய வேண்டும். அந்தக் கெடு தாண்டி, யாரும் பதியாவிட்டால் பிடித்த பணத்தைக் கொடுத்துவிடலாம். இடையில் எழுத்து மூலம் எச்சரிக்கை எதுவும் வராதவரை வீட்டுக்காரரின் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பத்து சதவீதத்தோடு நின்றுவிடும். பிடித்து வைக்கும் பழக்கம் நம் பொதுப்பணித் துறைக்கும் புதிதல்ல. ஆனால் இங்கே அது வேலையில் குறை வந்தால் துறையைக் காக்கும் பணம். மணல் கொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. அந்தப் பங்கைச் சேர்ப்பதற்கு ஒரு சட்டத் திருத்தம் போதும். தமிழ்நாடு இதைப் பற்றி யோசிக்கவாவது வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே கடைசித் தவணையை ஒதுக்கி வைத்து, சூளை, குவாரி, கம்பிக் கடை ஆகியவற்றிலிருந்து ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்துக் கடிதம் வந்த பிறகே தருவேன் என்று ஒரு வரி சேர்த்தால், கிரகப்பிரவேசத்தன்று வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். சரக்குக் கொடுப்பவர் கவனிக்க வேண்டியது நாள்கணக்கு. கெடு எதுவும் பேசாமல் கொடுத்த சரக்குக்கு, இறக்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். “அடுத்த அறுவடைக்குத் தர்றேன்” என்ற பேச்சிலேயே மூன்று சம்பா போய்விடும். இடையில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கொடுத்தால், கொடுத்தவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நோட்டில் அவர் கையெழுத்தாவது வேண்டும். காலக்கெடு முடிவதற்குள் அப்படி வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும்.