எட்டணாவில் வந்த நேரு, பெட்டியில் வரும் வெள்ளி

1964இல் இரண்டு நாடுகள் மறைந்த தம் தலைவர்களின் முகத்தை நாணயத்தில் பொறித்தன. முந்தைய நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்ட கென்னடி அமெரிக்க அரை டாலரில் வந்தார். அந்த ஆண்டு மே மாதம் மறைந்த நேரு நம் அரை ரூபாயிலும் ஒரு ரூபாயிலும் வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அவைதாம். கென்னடி காசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்ததால், கைக்கு வந்ததும் மக்கள் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். கடைவீதி அதை அதிகம் பார்க்கவில்லை. நேரு அரை ரூபாய் நிக்கலில் ஆனது, 5 கிராம் எடை. அது பூக்கடைக்கும் பேருந்து நடத்துனரின் தோல்பைக்கும் உண்டியலுக்குமாகப் பல ஆண்டுகள் சுற்றியது.

எட்டணா என்றே நாம் அழைத்த அந்த 50 காசு, அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் நினைவுகளைச் சுமந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டு, 1972இல் சுதந்திர வெள்ளிவிழா, 1973இல் உணவு உற்பத்தி, 1982இல் தேசிய ஒருமைப்பாடு, 1985இல் இந்திரா காந்தியும் ரிசர்வ் வங்கியின் பொன்விழாவும், 1986இல் மீன்வளம், 1997இல் சுதந்திரப் பொன்விழாவுக்காகத் தண்டி யாத்திரை. இவற்றை வாங்க யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மீதிச் சில்லறையாகவே அவை வந்து சேர்ந்தன.

அப்படிச் சேர்ப்பதற்குத் திருவண்ணாமலையைப் போல ஓர் ஊர் அமைவது அரிது. காசு தங்காமல் கடந்துபோகும் ஊர் இது. 1896 செப்டம்பர் முதல் நாள் இங்கே வந்திறங்கிய இளைஞர் வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, மீதமிருந்த மூன்றரை ரூபாயை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டுத்தான் தம் புது வாழ்வைத் தொடங்கினார். நூறாண்டு கழித்து, தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியபோது, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் காசு கைமாறியது. பாதையோரத்துச் சாதுக்களுக்கு ஆளுக்கொரு காசு போட வேண்டுமென்று பக்தர்கள் நோட்டைச் சில்லறையாக மாற்றிக்கொண்டு நடந்தார்கள். கமிஷன் பிடித்துக்கொண்டு சில்லறை கொடுப்பவர்களும் இருந்தார்கள். தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த காசுகள் ஒரே இரவில் இங்கே கலந்தன. மறுநாள் காலை அந்தக் காசுகள் டீக்கடை கல்லாவுக்கு வந்துவிடும். சேகரிப்பவர் போய் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

அவருக்கு வேண்டியதெல்லாம் கண்ணும் பொறுமையும். ஆண்டு எண்ணுக்குக் கீழே சிறு வைரக்கட்டம் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், குறி எதுவும் இல்லாவிட்டால் கல்கத்தா, 1988க்குப் பிறகு புள்ளி இருந்தால் நொய்டா. நேரு அரை ரூபாயிலேயே அவர் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது ஒன்று, இந்தியில் உள்ளது ஒன்று. இந்த வேறுபாடுகளைக் கற்றுத்தர அன்று நம் ஊர்களில் எளிதில் கிடைக்கும் நூல்கள் இல்லை. ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்லித்தான் அறிவு பரவியது. கிடைத்த காசு பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஒரு வரிசை நிறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் செலவு, காசின் முகமதிப்பு மட்டுமே. பத்து எட்டணா சேர்த்தவருக்கு ஆன முதலீடு ஐந்து ரூபாய்தான். ஆகவே பள்ளிப் பிள்ளைகளும் சேகரிப்பாளர்களாக இருக்க முடிந்தது.

அமெரிக்காவின் வழி தொடக்கத்திலிருந்தே வேறு. அங்கே முதல் நினைவு நாணயம் 1892ஆம் ஆண்டுக் கொலம்பஸ் அரை டாலர். சிகாகோ உலகக் கண்காட்சிக்கு நிதி திரட்டுவதற்காக அடித்த அந்த அரை டாலரை ஒரு டாலருக்கு விற்றார்கள். சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுப்பார், அந்தக் கூடுதல் ஒரு காரியத்துக்குப் போகும் என்பதே ஏற்பாடு. அது வளர்ந்து 1936இல் வரைமுறையின்றிப் பெருகியது. ஊர்களின் ஆண்டுவிழாக்களுக்கெல்லாம் அரை டாலர்கள் வந்தன. சலிப்பும் முறைகேட்டுப் புகார்களும் சேர, 1954உடன் அந்த வழக்கம் நின்றது. வாஷிங்டன் பிறந்த 250ஆம் ஆண்டை ஒட்டி 1982இல்தான் மீண்டும் தொடங்கியது.

இன்று நாமும் அந்த வழிக்கு வந்துவிட்டோம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டுக்காக 2010ஆம் ஆண்டிட்டு வந்த 1000 ரூபாய் நாணயம் 35 கிராம் எடை, ஐந்தில் நான்கு பங்கு வெள்ளி. விலையோ முகமதிப்பைப் போலப் பல மடங்கு. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக 2023இல் வந்தது 75 ரூபாய் நாணயம். 2024 ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் வெளியிட்ட கலைஞர் நூற்றாண்டு நாணயம் 100 ரூபாய். இவை எதுவும் கல்லாவுக்கு வருவதில்லை. வரைவோலை எடுத்து, பம்பாய் நாணயச்சாலைக்கு அஞ்சலில் அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்த காலம் போய், இணையதளத்தில் பணம் கட்டினால் சான்றிதழோடு பெட்டி வீட்டுக்கே வருகிறது.

எட்டணா இன்றும் சட்டப்படி செல்லும். 2011 ஜூன் 30உடன் முடிவுக்கு வந்தது நாலணாவும் அதற்குக் குறைந்தவையும்தான். ஆனாலும் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் எட்டணாவை நீட்டினால் வாங்குவதற்கு ஆள் இல்லை. கிரிவலப் பாதையின் இளநீர்க் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. 2022 ஜூனில் சுதந்திர 75ஆம் ஆண்டின் சின்னத்தோடு 1 ரூபாயிலிருந்து 20 ரூபாய் வரை புழக்கத்துக்கே ஒரு வரிசை வந்தது. சில்லறையே அருகிவிட்டதால், அதன் முகப்பைத் திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு.

பெற்றதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முன்பு அஞ்சலில் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கே எட்டிய பளபளப்பான ப்ரூஃப் காசு, இன்று செங்கத்திலோ போளூரிலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கும் எட்டும். நாணயச்சாலைக் குறிகளைப் படத்தோடு விளக்கும் தமிழ்க் காணொளிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. தமிழும் காசில் ஏறியிருக்கிறது. 1995இல் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் 1, 2, 5 ரூபாய்களில் வந்தார். 2009இல் அண்ணா நூற்றாண்டுக் காசில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இடம்பெற்றது. கலைஞர் காசில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழில் உள்ளது.

இழந்தது வேறு வகை. சேகரிப்பவர் அல்லாதவரின் கையிலும் நினைவு நாணயம் இருந்தது. காந்தி நூற்றாண்டு என்ற சொல்லையே கேளாத ஒரு பூக்காரப் பெண், காந்தியின் முகத்தைத் தன் சுருக்குப்பையில் வைத்திருந்தார். செங்கம் அருகே ஆண்டிப்பட்டியில் கிடைத்த பழைய ஈயக் காசுகளால்தான் சேந்தன் என்றொரு குறுநிலத் தலைவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. மக்கள் கையில் புழங்கத் தந்த காசு அவன் பெயரை மறதியிலிருந்து காத்தது.

வெள்ளிக் காசு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதன் வேலைப்பாடு உயர்ந்தது, அதைப் போற்றிக் காப்பவர்களும் தேவை. ஆனால் அண்ணாவுக்கு 100 ரூபாயோடு 5 ரூபாயும் வந்தது. பெரிய கோயிலுக்கு 1000 ரூபாயோடு 5 ரூபாயும் வந்தது. அந்த 5 ரூபாய்களை எதையும் சேகரிக்காதவர்களும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். நினைவு கொள்ளத் தக்கவர் என்று அரசு ஒருவரைத் தேர்ந்தால், விலை கொடுத்து வாங்க முடியாதவரின் கைக்கும் அவர் ஒரு முறையாவது வர வேண்டும்.