பாதையற்ற பக்கங்கள்

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மலைச்சரிவில் லயம் இருந்தால் மட்டும் போதாது. பெரட்டுக் களத்திற்கும் பள்ளிக்கூடத்திற்கும் பெருவீதிக்கும் அங்கிருந்து பாதை இருக்க வேண்டும். பாதையற்ற லயத்தை அம்புலன்ஸ் வண்டி அடைவது அரிது. இணையத்தளத்தின் பக்கங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

ஒரு தளத்தின் பக்கமொன்றிலிருந்து அதே தளத்தின் வேறொரு பக்கத்திற்கு இட்டுச் செல்லும் வழியே உள்ளிணைப்பு எனப்படுவது. கூகிள் போன்ற தேடுபொறிகள் தம் உலாவு நிரல்களை அனுப்புகின்றன. அவை இவ்வழிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சென்று, கண்டவற்றை அட்டவணையிற் சேர்க்கின்றன. பல பக்கங்களிலிருந்து வழி வந்து சேரும் பக்கம் முக்கியமானது என்றும் கணிக்கின்றன. எவ்வழியும் இல்லாத பக்கம் கண்ணிற்படாமலே போகக்கூடும்.

முன்னர் இந்நிரல்கள் மேசைக் கணினிக்குரிய பக்கத்தையே முதன்மையாகக் கொண்டன. இம்முறையை மாற்றப்போவதாகக் கூகிள் 2016 நவம்பரில் அறிவித்தது. 2019 ஜூலை 1 முதல் புதிய தளங்களுக்குக் கைப்பேசிப் பக்கமே அளவுகோலாயிற்று. 2023 அக்டோபரில் மாற்றம் நிறைவுற்றதாக அந்நிறுவனம் தெரிவித்தது. ஆகவே, மேசைக் கணினியில் மட்டும் தோன்றி, கைப்பேசிப் பக்கத்தில் இல்லாத இணைப்பைத் தேடுபொறி கணக்கிற் கொள்ளுமென நம்புவதற்கில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவை உதாரணமாகக் கொள்ளலாம். மேசைக் கணினியில் அதன் கட்டுரைகள் பலவற்றின் அடியில், தொடர்புடைய கட்டுரைகளை அடுக்கிக் காட்டும் வழிகாட்டிப் பெட்டி உண்டு. கைப்பேசித் தோற்றத்தில் அப்பெட்டி காட்டப்படுவதில்லை. ஆயின், வாக்கியங்களினுள்ளே அமைந்த இணைப்புகள் இரண்டு தோற்றங்களிலும் நிலைத்து நிற்கின்றன. இன்றியமையாத இணைப்பை ஓரத்துப் பெட்டியில் ஒதுக்காது, பொருளோடு ஒட்டி வாக்கியத்திலேயே வைப்பது நலம் என்பது இதனால் விளங்கும்.

வேறு சில நெறிகளும் உண்டு. கைப்பேசியில் பட்டியலை மடித்து வைப்பதால் தீங்கில்லை. இணைப்புகள் பக்கத்தின் மூலநிரலிலேயே இருந்தாற் போதும். விரல் தொட்ட பின்னரே இணைப்புகள் வந்து சேருமாயின், உலாவு நிரல் அவற்றைக் காணாது; அது எதனையும் தொடுவதில்லை. 'இங்கே அழுத்துக' என்பதைவிட 'நானுஓயா புகையிரத நிலையம்' என்று இணைப்புக்குப் பெயரிடுவதே வாசகருக்கும் தேடுபொறிக்கும் பொருள் உணர்த்தும்.

மலையகத்திற்கு இது வெறும் வணிக நுட்பமன்று. தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டு 2023இல் நினைவு கூரப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அம்மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றின என்பதை இளந்தலைமுறை அறிதல் வேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் மலையக நூல்களையும் இதழ்களையும் காத்து வருகின்றது. இத்தகைய செல்வங்களைத் தோட்டத்து மாணவர் பலர் நாடுவது கையிலுள்ள சிறு திரையின் வழியாகவே.

ஆதலால் மலையகத்தைப் பற்றித் தளம் அமைப்போர், அதனைக் கைப்பேசியில் திறந்து, முகப்பிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் இணைப்புகளின் வழியாக மட்டுமே அடைய முடிகின்றதா என்று சோதித்தல் வேண்டும். அடைய முடியாத பக்கம் எதுவோ, அதற்கு அன்றே ஒரு வழி அமைத்துவிடுதல் நன்று.