கை வேகம் குறைந்தால் பென்ஷன் என்னாகும்?

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. காட்டு வேலை சில மாதங்களோடு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் கஞ்சி ஊற்றுவது தீப்பெட்டி ஆபீஸ். இளவட்டங்கள் திருப்பூர், கோவை என்று கிளம்பிவிட, கை பழகிய மூத்த பெண்களை விட ஆபீஸ்களுக்கும் மனமில்லை. 58 வயதைத் தாண்டியும் வேலையில் நீடித்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பென்ஷனைத் தள்ளிப்போட்டால்?

பி.எஃப். பிடிக்கப்பட்டு 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 58 வயதில் மாத பென்ஷன் உண்டு. சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ரூ.10,500 சம்பளம், 10 ஆண்டு என்றால் ரூ.1,500.

2016இல் வந்த திருத்தத்தின்படி இதை 60 வயது வரை தள்ளிப்போடலாம். ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். இரண்டு ஆண்டு பொறுத்தால் சுமார் ரூ.1,622. அதற்காக விட்டுக்கொடுத்தது ரூ.36,000. மாதம் 122 ரூபாயாக அதை மீட்க 24 ஆண்டுக்கு மேலாகும். பென்ஷன் நிதிக்குப் பணம் கட்டியபடியே தள்ளிப்போட்டால் அந்த இரண்டு ஆண்டும் சேர்ந்து ரூ.1,947 வரும். அப்போதும் விட்டதைப் பிடிக்க ஏறக்குறைய ஏழு ஆண்டு. 58இலேயே பென்ஷனை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடரவும் தடையில்லை.

எங்கே அடி விழுகிறது?

சராசரிச் சம்பளம் என்பது கடைசி 60 மாதத்துக் கணக்கு. 2014 செப்டம்பருக்கு முன் இது 12 மாதமாக இருந்தது. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்குக் கண் மங்கி, விரல் தளர்வது இந்த ஐந்து ஆண்டில்தான்.

பணிக்கொடையிலும் இதே கதை. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் கூலி. துண்டுக்கூலிக்காரருக்குக் கடைசி மூன்று மாதச் சராசரியே அளவுகோல். நாள் கூலி 400 ரூபாயாக இருந்து 300க்கு இறங்கினால், 20 ஆண்டு உழைத்தவரின் பணிக்கொடை ரூ.1,20,000லிருந்து ரூ.90,000 ஆகிவிடும்.

என்ன செய்யலாம்?

வேகம் தளரும் முன்பே சரக்குப் பார்வையிடவும் புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கவும் மாற்றி, குறையாத நாள் கூலி தரலாம். அனுபவம் ஆபீஸில் நிற்கும், சராசரியும் இறங்காது. இந்தப் பேச்சை 53 வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.