மறந்த கணக்கு, மறக்காத அபராதம்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய். அடுத்த சில நாட்களிலேயே மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான புகார் வந்தது. பணம் வந்ததாகக் கைப்பேசியில் செய்தி இருக்கிறது, எடுக்கப் போனால் கணக்கில் இல்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பழைய பாக்கிக்கு வங்கியே எடுத்துக்கொண்டது.

நிதியமைச்சர் தங்கம் தென்னரசு உடனே அறிக்கை வெளியிட்டார். உரிமைத் தொகையில் வங்கிகள் கை வைக்கக் கூடாது, அப்படிச் செய்தால் பயனாளிகளின் கணக்கு வேறு வங்கிக்கு மாற்றப்படும், பாதிக்கப்பட்டவர்கள் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்றார். ஒரு கோடிப் பேர் சம்பந்தப்பட்டதால், ஓர் அரசே பின்னால் நின்றதால் அந்தக் குரல் கேட்டது.

ஆனால் இதே பிடித்தம் உரிமைத் தொகைக்கு முன்பும் நடந்தது. மற்ற பணத்திலும் நடந்தது. கல்வி உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் ஓய்வூதியம் என்று எது வந்தாலும் முதல் கை வங்கியுடையதாக இருந்தது. அப்போது பேச ஆளில்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பதே இன்று நமது கேள்வி. முடியும். கேட்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகளே துணை நிற்கின்றன.

நம் தெருவில் ஏன் இத்தனை கணக்குகள்?

திருத்தணி வட்டாரத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் நம் தெருக்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிரங்குப் பெட்டியில் மூன்று, நான்கு பாஸ்புக்குகள் இருக்கும். பள்ளியில் பெண் கல்வி ஊக்கத்தொகைக்கு ஒன்று. விடுதியில் சேர்ந்தபோது காப்பாளர் சொல்லித் தொடங்கியது ஒன்று. நூறு நாள் வேலைக்கு ஒன்று. 2014இல் ஜன்தன் திட்டம் வந்தபோது முகாம் போட்டுக் கொடுத்தது ஒன்று. செங்கல் சூளைக்கோ, நகரி, புத்தூர் பக்கமோ வேலைக்குப் போயிருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒன்று இருக்கும்.

வசதியுள்ளவர் தன் விருப்பத்துக்குக் கணக்குத் தொடங்குவார். நம் பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் யாரோ சொல்லித் தொடங்கியது. அந்தத் திட்டம் முடிந்ததும், பள்ளி மாறியதும் கணக்கும் நினைவிலிருந்து போய்விடும். இதை நம்முடைய கவனக்குறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அரசுப் பணம் வாங்க வேண்டுமானால் கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் தொடங்கியவை அவை.

சிக்கல் ஆதாரில் இருக்கிறது. ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 விழுக்காடு 2021-22 முதல் இப்படித்தான் நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. நூறு நாள் வேலைக் கூலிக்கு 2024 ஜனவரி முதல் இந்த முறையே கட்டாயம். கல்லூரி விண்ணப்பத்தில் புதிய கணக்கு எண்ணை எழுதியிருப்பார்கள், பணமோ மறந்துபோன பழைய கணக்கில் விழுந்திருக்கும். அங்கே அபராதம் காத்திருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் நூறு ரூபாய் அபராதம், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றால் 118 ரூபாய். ஆயிரம் ரூபாய் எட்டு மாதத்தில் 56 ரூபாயாகிவிடும். வீட்டில் ஒரு தேர்வுக் கட்டணம் அதில்தான் போயிருக்கும்.

விதி என்ன சொல்கிறது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கணக்கு எந்த வகை என்பது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. மக்கள் இதை ‘ஜீரோ பேலன்ஸ்’ கணக்கு என்பார்கள். 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த வகை இது. ஜன்தன் கணக்குகளும் இதில் அடங்கும். இதில் குறைந்தபட்ச இருப்பு என்ற பேச்சே கிடையாது. ஏடிஎம் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். இந்த வகைக் கணக்கில் இருப்பு குறைவு என்று ஒரு ரூபாய் எடுத்திருந்தாலும் தவறு.

உங்களுடையது சாதாரணச் சேமிப்புக் கணக்காகவே இருக்கட்டும். அப்போதும் வங்கி நினைத்தபடி எடுக்க முடியாது. 2014 நவம்பரில் வெளியாகி 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, இருப்பு குறைந்ததை முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாத அவகாசமாவது தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்பவே அபராதம் இருக்க வேண்டும். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் பணம் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு. அதில் இருப்பு குறைவு என்று அபராதம் போடக் கூடாது என்று 2014 மே மாதமே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகள் அதை உறுதிசெய்கின்றன. அவற்றின்படி, கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்கவும் கட்டணம் இல்லை. அதற்கான ஆவணங்களை அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம். நகரியில் தொடங்கிய கணக்குக்குத் திருத்தணிக் கிளையிலேயே ஆதாரும் படமும் கொடுத்தால் போதும். அரசு உதவித்தொகைக்காகத் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்குகளை, இரண்டு ஆண்டு இயங்கவில்லை என்பதற்காக முடக்கவே கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

சிறு தொகை, பெரிய வசூல்

‘நூறு ரூபாய்க்காகவா வழக்காடுவது’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நூறு ரூபாய்கள் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு 2017 சாட்சி. அந்த ஆண்டு ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. நவம்பர் வரையிலான எட்டு மாதத்தில் வசூலான தொகை 1,771 கோடி ரூபாய். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அந்த வங்கி ஈட்டிய லாபத்தைவிட இது அதிகம். எதிர்ப்புக்குப் பிறகு அபராதம் குறைந்தது. 2020 மார்ச்சில் அடியோடு கைவிடப்பட்டது. 2019-20 முதல் 2023-24 வரை பொதுத்துறை வங்கிகள் இந்த வகையில் எடுத்தது ஏறத்தாழ 8,500 கோடி என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது. கணக்கில் பணம் வைத்திருக்க முடியாதவர்களிடம் வாங்கிய பணம் இது.

2025இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி ஆகியவையும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நீக்கின. நல்லது. ஆனால் அது இனி வரும் மாதங்களுக்கு. முன்பு விதிமீறி எடுத்தது தானாகத் திரும்பி வராது.

கேட்டால் வரும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. அடிப்படைக் கணக்குகளில் மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 17 ரூபாய் 70 காசு என்று பாரத ஸ்டேட் வங்கி பிடித்து வந்ததை மும்பை ஐஐடி பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் தொடர்ந்து வெளிக்கொண்டுவந்தார். யுபிஐ போன்ற வழிகளில் 2020 ஜனவரி 1க்குப் பிறகு எடுத்த கட்டணங்களைத் திருப்பித் தருமாறு வங்கிகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய நேரடி வரிகள் வாரியம் கூறியது. சுமார் 90 கோடி ரூபாய் வாடிக்கையாளர்களிடம் திரும்பியது.

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, வீட்டில் உள்ள எல்லா பாஸ்புக்கையும் எடுத்துப் போய்ப் பதிவு போடுங்கள். பாஸ்புக் தொலைந்திருந்தால் ஆதார் அட்டையுடன் போய்க் கணக்கு விவரம் கேளுங்கள். பிடித்தங்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். மினிமம் பேலன்ஸ், ஏஎம்பி, எம்ஏபி, எஸ்எம்எஸ் சார்ஜ் என்று வரும் வரிகளைப் படித்த பிள்ளையை விட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். 20 ரூபாய், 436 ரூபாய் என்று ஆண்டுக்கு ஒருமுறை போயிருந்தால் அது பிரதமர் பெயரிலான காப்பீட்டுத் திட்டங்களுக்கான தொகை. நீங்கள் ஒப்புதல் தந்த படிவத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, ஆதார் எந்த வங்கியுடன் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்த்து, வேண்டிய கணக்குக்கு மாற்றுங்கள். பத்து ஆண்டுக்கு மேல் யாரும் தொடாத பணத்தைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘உத்கம்’ இணையதளம் உள்ளது.

மூன்றாவது, எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் ‘சிஸ்டத்தில் அப்படித்தான் வரும்’ என்ற பதிலோடு முடிந்துவிடும். கிளை மேலாளருக்கு இப்படி எழுதினால் போதும்:

‘ஐயா, எனது கணக்கு எண் ... . இது அரசு உதவித்தொகை பெறுவதற்காகத் தொடங்கப்பட்டது. இதில் ... தேதி முதல் ... தேதி வரை குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மொத்தம் ... ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. இந்தக் கணக்கு எந்த வகை, முன்னறிவிப்பு எந்தத் தேதியில் எந்த வழியில் தரப்பட்டது, எந்த விதியின்படி பிடிக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். ரிசர்வ் வங்கி விதிக்கு மாறாகப் பிடித்த தொகையை என் கணக்கில் திரும்ப வரவு வைக்கவும்.’

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காலம் தாழ்த்தாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் பெயருக்கும் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

கவுன்டருக்கு முன்னால்

விதி தெரிந்தும் பலர் கேட்பதில்லை. வங்கிக்குள் நுழைந்தாலே குரல் தாழ்ந்துவிடுகிறது. படிவத்தை எழுதித் தர யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்களுக்குத் தமிழ்ப் படிவமே சிரமம், ஆங்கிலக் குறுஞ்செய்தி எப்படிப் புரியும்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரை ‘நாளைக்கு வா’ என்று சொல்வது எளிது.

அதனால் இதைத் தனியாளின் வேலையாக விடக் கூடாது. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் உதவித்தொகை விண்ணப்பம் எழுதும் காலத்தில், ஒவ்வொரு மாணவரின் பழைய கணக்கையும் ஆதார் இணைப்பையும் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்கலாம். மாவட்ட நிர்வாகமும் முன்னோடி வங்கியும் சேர்ந்து திருத்தணியில் ஒரு சிறப்பு முகாம் நடத்தலாம். கணக்குத் தொடங்க முகாம் போடத் தெரிந்தவர்களுக்கு, அதிலிருந்து எடுத்ததைத் திருப்பித் தர முகாம் போடுவது கடினமில்லை.

அதுவரை தெருவில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்திலோ மரத்தடியிலோ உட்கார்ந்து பாஸ்புக்குகளைப் பார்த்து மனு எழுதினால், மறுநாள் காலை பத்துப் பேராகச் சேர்ந்து வங்கிக்குப் போகலாம். அந்தப் பணம் படிப்புக்கென்று வந்தது, உழைத்த கூலியாக வந்தது. அதைக் கேட்டு வாங்குவதில் தயங்க ஒன்றுமில்லை.