பந்தயம் ஒன்று, பொருள் இரண்டு



பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஏற உங்களில் யாருக்கேனும் துணிவு உண்டா? பிரிட்டனில் நடைபெறும் ஸ்பீட்வே என்னும் பந்தயத்தில் ஓடும் வண்டிகள் அனைத்துமே அப்படிப்பட்டவைதாம். 500 சி.சி. எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே ஒரு கியர். பிரேக் மட்டும் கிடையாது!

ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இவ்விளையாட்டு, 1928 பிப்ரவரி 19ஆம் நாள் லண்டனுக்கு அருகிலுள்ள ஹை பீச் என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தின் வாயிலாகப் பிரிட்டிஷ் மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது.

நீள்வட்டமான மண் தடத்தில் நான்கு வீரர்கள் நான்கு சுற்றுகள் ஓட்டுவர். குறுக்கே கட்டிய நாடா மேலெழுந்ததும் வண்டிகள் சீறிப் பாயும். முந்திக்கொண்டு நாடாவைத் தொட்டவருக்குத் தண்டனை உண்டு. வளைவுகளில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்புத் தகடு பொருத்திய இடக்காலைத் தரையில் ஊன்றித் திரும்புவர். முதலில் வருபவருக்கு 3 புள்ளிகள். அடுத்து வருவோருக்கு 2, 1. கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை.

அணிப் போட்டியில் ஒவ்வோர் ஓட்டத்திலும் அணிக்கு இருவர் ஓடுவர். வீரர்களுக்கு ஊதியம் புள்ளிக் கணக்கில்தான். தன் அணித் தோழரை அடுத்து, எதிரணியினர் ஒருவரையேனும் முந்தி வருபவருக்கு ஊதியக் கணக்கில் ஒரு புள்ளி கூடுதலாகச் சேரும். காசுக்காகத் தோழரையே முந்தும் ஆசை எழாதிருக்க எவ்வளவு நல்ல ஏற்பாடு!

நம் மொழியில் 'பந்தயம்' என்ற சொல் ஓட்டத்தையும் குறிக்கும்; பணம் கட்டிச் சூதாடுவதையும் குறிக்கும். பிரிட்டனில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. விம்பிள்டன் முதலிய பல அரங்குகளில் ஒருநாள் ஸ்பீட்வே, மறுநாள் நாய்ப் பந்தயம். நாய்ப் பந்தயம் மக்கள் கட்டிய பணத்தால் வாழ்ந்தது. ஸ்பீட்வே நுழைவுச்சீட்டு வருமானத்தை நம்பி வாழ்ந்தது. 1961இல் பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டபின், பணம் கட்ட அரங்குக்குப் போகவேண்டிய தேவை குறைந்தது. காலப்போக்கில் நாய்ப் பந்தய அரங்குகள் பல விற்கப்பட்டன. அங்கே குடியிருந்த ஸ்பீட்வேயும் வீடிழந்தது. சூதால் வாழ்ந்த வீடு, சூதின் போக்கு மாறியதும் சரிந்தது எனலாம்.

இன்று ஸ்பீட்வே முடிவுகளின் மீதும் மக்கள் பணம் கட்டுகின்றனர். ஆனால் வீரர்கள் தம் விளையாட்டின் மீது பணம் கட்டுவது விதிப்படி குற்றமாகும். ஏன்? நால்வரே ஓடும் ஓட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே வேகத்தைச் சற்றுத் தளர்த்தினாலும் முடிவு மாறிவிடும். அது மட்டுமா? பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

1955, 1962 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்ற ஆங்கில வீரர் பீட்டர் கிரேவன். 1963 செப்டம்பரில் எடின்பரோ நகரில் ஓடும்போது அவருக்கு முன்னே ஒரு வீரர் கீழே விழுந்தார். அவர்மேல் மோதாதிருக்க விலகிய கிரேவன் தடுப்பு வேலியில் மோதினார். சில நாட்களில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 29.

விழுந்து கிடந்தவர் எதிரணி வீரரா, தம் அணியினரா என்று எண்ணிப் பார்க்கவும் அந்த நொடியில் நேரமில்லை. பிரேக் இல்லாத வண்டியில் செல்வோரைக் காப்பது ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை ஒன்றே. அதன்மேல் பணம் கட்டலாம். ஆனால் அதை விலைக்கு வாங்க முடியுமா, தோழியரே?